ஐந்து ஹெட்போன்களும் ஓர் உருண்டைப் பஞ்சும்

சென்ற மாதம் எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கக் கூட்டம் முடிந்து, எல்லோரும் போண்டாவும் டீயுமாக நின்றுகொண்டிருந்தோம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவரான நண்பர் ஒருவர் தோள்பையிலிருந்து ஒரு ஹெட்போனை எடுத்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பியதாம். விலையையும் சொன்னார். நான் போண்டாவைக் கீழே வைத்துவிட்டேன்.

கூடவே ஒரு சிறு புத்தகம் இருந்தது. இந்த ஹெட்போனின் ஒலி இதமானது, அகலமானது, பட்டுப் போன்றது என்று அதில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது.

“நீங்க முப்பது வருசத்துக்கு மேல இதையே காதுல மாட்டிக்கிட்டு இருந்தவரு. கேட்டுப் பாத்து, எப்படின்னு சொல்லுங்க” என்றார்.

“கொஞ்சம் பஞ்சு கிடைக்குமா?” என்றேன்.

“பஞ்சு எதுக்குங்க?”

“ஒரு காதை அடைச்சுக்கத்தான்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. “ஒரு காதை அடைச்சுக்கிட்டுக் கேக்கறதுக்கா எம்பையன் இவ்வளவு செலவு பண்ணினான்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் சங்க மலருக்கு இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். என் பழைய டைரிகளைப் பார்த்து எழுதுவதால் தேதிகளை நம்பலாம். மனிதர்கள் பேசியதை நினைவிலிருந்து எழுதுகிறேன், அதையும் நம்பலாம்.

இதில் முக்கியமாக வருகிறவர்கள் மூன்று பேர். ஒருவர், எங்கள் பொறுப்பாளர், காலமாகிவிட்டார். இரண்டாவது ஆள் சவரிமுத்து. நல்லம்பள்ளிப் பக்கம் ஊரில் மாமரங்களோடு நன்றாக இருக்கிறான். அவனிடம் போனில் அனுமதி கேட்டேன். “எழுதுப்பா. ரிட்டயர்டு ஆளை இனிமே என்ன பண்ணிடுவாங்க? ஆனா அந்த ஆளு என்னைத் திட்டினதையெல்லாம் எழுதிடாதே, எம்பேரன் படிப்பான்” என்றான். மூன்றாவது ஆள் நான்.

நான் 1964இல் வேலைக்குச் சேர்ந்தேன். சென்னையில் பதினொரு மாதம் பயிற்சி. நீண்ட ஒலிக்கும் குறுகிய ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தூக்கத்திலும் சொல்லும்படி ஆக்கினார்கள் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 1966 மார்ச்சில் தருமபுரிக்கு வந்தேன். மாவட்டம் பிரிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் துறையின் பெயர் இங்கே தேவையில்லை. ஆற்று மட்டமும் மழையளவும் வயர்லெஸ்ஸில் வாங்கி, சேர வேண்டிய அதிகாரிகளிடம் சேர்ப்பது எங்கள் வேலை. ஒகேனக்கல் பக்கம் ஒரு துணை நிலையம் இருந்தது. அங்கிருந்து காவிரியின் மட்டத்தைத் தந்திக் குறியீட்டில் எண்களாக அனுப்புவார்கள். நாங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி பென்சிலால் எழுதுவோம். ஓர் எண் தவறினால் ஒன்று பரிசல்காரர்களுக்குச் சும்மா ஒருநாள் பிழைப்புப் போகும், அல்லது போகக்கூடாத பரிசல் ஆற்றில் போகும்.

நிலையம் என்றால் ஒரு அறை, அதை ஒட்டி ஒரு பாட்டரி அறை, வெளியே இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு ஏரியல் கம்பி. ஆட்கள் நானும் சவரிமுத்துவும், எங்களுக்கு மேலே பொறுப்பாளர் தங்கவேலுவும்.

தங்கவேலு பட்டாளத்துச் சிக்னல் பிரிவிலிருந்து வந்தவர். சேலத்துக்காரர். மீசையின் இரு முனையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகக் காலையில் அரை மணி நேரம் செலவிடுவார் என்று கேள்வி. அவரிடம் ஒரு விதி இருந்தது. டூட்டியில் இருப்பவன் ஹெட்போனை இரண்டு காதிலும் முழுதாக மாட்டியிருக்க வேண்டும். எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு காதை விட்டுத்தான் மாட்டுவார்கள். அறையில் யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று தெரிய வேண்டுமே. தங்கவேலு அதை ஒப்புக்கொள்ள மாட்டார். சட்டைப் பையில் தீக்குச்சி வைத்திருப்பார். பின்னாலிருந்து பூனைபோல வந்து, காதுக்கும் ஹெட்போனுக்கும் நடுவே தீக்குச்சி நுழைகிறதா என்று பார்ப்பார். நுழைந்தால் ஆரம்பித்துவிடுவார்.

“ஏன்டா, காதுக்குக் காத்து வேணுமா? சன்னல் வெச்சுக் குடுக்கட்டா?”

அவர் திட்டுகிற முறையே தனி. குரலை உயர்த்த மாட்டார். காதுக்கு அருகே வந்து, மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லையும் செதுக்கித் திட்டுவார். பத்து நிமிடம் திட்டு வாங்கினால் அன்று சோறு இறங்காது. எனக்குத்தான் இறங்காது. சவரிமுத்து திட்டு வாங்கிய கையோடு டிபன் பாக்ஸைத் திறந்து களி உருண்டையைப் பிட்டுக் குழம்பில் தோய்ப்பான்.

“உனக்கு ரோசமே கெடையாதாப்பா?” என்று கேட்பேன்.

“எல்லாம் ஆண்டவர் பாத்துக்குவாரு” என்பான்.

சவரிமுத்துவின் குடும்பம் தலைமுறைகளாக விவசாயம் செய்த கத்தோலிக்கக் குடும்பம். அதில் சர்க்கார் வேலைக்கு வந்த முதல் ஆள் இவன்தான். மாவட்டத்திலேயே சுத்தமாகக் கேட்டு எழுதுகிறவனும் இவன்தான். 1970 சித்திரையில் ஒருநாள் இடி மழை. ஹெட்போனில் வறுகடலைச் சட்டியை வைத்ததுபோல் இரைச்சல். மைசூர்ப் பக்கத்து நிலையம் ஒன்று எங்கள் அலைவரிசைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது. நான் பாதியில் பென்சிலைப் போட்டுவிட்டேன். இவன் தலையைச் சாய்த்துக்கொண்டு நாற்பது எண்களையும் எழுதி முடித்தான். திருப்பிக் கேட்டுச் சரிபார்த்தோம். ஒன்றுகூடத் தப்பில்லை.

1971 ஜூன் 7, திங்கட்கிழமை, சென்னைத் தலைமையகத்திலிருந்து மரப்பெட்டி ஒன்று வந்தது. வைக்கோலுக்குள் ஐந்து ஹெட்போன்கள். எல்லா நிலையங்களுக்கும் புதிதாக வாங்கப் போகிறார்கள். எதை வாங்குவது என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சில நிலையங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எது எந்தக் கம்பெனி என்று தெரியாமலிருக்கப் பெயர்களைச் சுரண்டிவிட்டு, அ, ஆ, இ, ஈ, உ என்று எழுதியிருந்தார்கள். ஹெட்போனின் இரு பக்க மூடியையும் யாரும் திறக்காமலிருக்க ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சொட்டு அரக்கு. கூடவே, வாரா வாரம் நிரப்பி அனுப்பக் கத்தையாகப் படிவங்கள். இதற்குப் பொறுப்பான இளம் பொறியாளர் தமிழில் பிடிப்பு உள்ளவர் போலிருக்கிறது. படிவம் முழுவதும் தமிழில் இருந்தது. அதனாலேயே எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஒலியின் தன்மை பிரகாசமா, மங்கலா?” என்று ஒரு கட்டம்.

தங்கவேலு அதை மூன்று முறை படித்தார். பிறகு, “இந்தக் கட்டத்தைப் பகல் டூட்டிக்காரன் மட்டும் நிரப்பினாப் போதும்” என்று உத்தரவு போட்டார்.

“ஒலியின் தன்மையைச் சொந்தச் சொற்களில் விவரிக்கவும்” என்று கடைசியில் ஒரு பெரிய கட்டம். இதில் சவரிமுத்துவை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. அவன் முதல் முறை எழுதியதை எட்டிப் பார்த்து, அன்றே டைரியில் நகல் எடுத்து வைத்தேன்.

ஆ: களி கிண்டுகிற துடுப்பு பானையின் அடியில் இடிக்கிற மாதிரி. கனமாக இருக்கிறது, ஆனால் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

இ: ஈரச் சாக்கைப் போட்டு மூடின மாதிரி. காது வலிக்காது. வேலையும் நடக்காது.

ஈ: தகர டப்பாவில் புளியங்கொட்டை.

உ: காய்ந்த சோளத்தட்டையை ஒடிக்கிற மாதிரி வறட்டுச் சத்தம். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஆனால் இரைச்சலுக்குள்ளும் ஒவ்வொரு ஒடிப்பும் தனித்தனியாகக் கேட்கிறது.

‘அ’ வெளிநாட்டுச் சரக்கு. பெயரைச் சுரண்டினாலும் அது தெரியும். தலைப்பட்டை உயர்ந்த தோல். அதற்கு அவன், “பலாச்சுளையில் நார் எடுத்துவிட்டுத் தந்த மாதிரி” என்று எழுதியிருந்தான். தங்கவேலுவும் அதைத்தான் மெச்சினார். ஆனால் அவருக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதெல்லாம் தேவையில்லை.

“நான் பட்டாளத்துல எல்லா நாட்டு ஹெட்போனும் பாத்தவன். கண்ணைக் கட்டி விடுங்கடா, காதுல வெச்ச ஒடனே எதுன்னு சொல்றேன்.”

கட்டினோம். ஐந்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தோம். மற்ற நான்கையும் அவர் தாறுமாறாகச் சொன்னார். ‘அ’வை மட்டும் ஒவ்வொரு முறையும் தவறாமல் சொன்னார். அடுத்த நாளும் அதே வித்தை. மூன்றாம் நாள்தான் நான் கவனித்தேன். ஹெட்போனைக் காதுக்குக் கொண்டுபோகும் வழியில் அது ஒரு கணம் மூக்குக்கு நேரே நின்று போயிற்று. ஆசாமி தோலை மோந்து பார்க்கிறார்!

இதைச் சவரிமுத்துவிடம்கூடச் சொல்லாமல் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அந்த வயதில் இப்படி ஒரு சேதி கையில் கிடைத்தால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

‘உ’ உள்ளூர்ச் சரக்கு. வெளிநாட்டு ஹெட்போனை அச்சு அசலாகப் பார்த்துச் செய்திருந்தார்கள். இன்செட் என்று நாங்கள் சொல்லும் உள்பகுதி, வட்டமான வில்லை மாதிரி இருக்கும். ஒலி பிறப்பது அதில்தான். இரண்டிலும் அது ஒரே அளவு. ஜூலை 13, செவ்வாய் மதியம், தங்கவேலு சாப்பிடப் போயிருந்தபோது திருப்புளியை எடுத்தேன். தோலும் பட்டையும் ‘அ’வாக இருக்கும், உள்ளே பேசுவது ‘உ’வாக இருக்கும், அவர் மூக்கை நம்பி எழுதுவாரா, காதை நம்பி எழுதுவாரா பார்ப்போம் என்று எண்ணம். அரக்கைப் பெயர்த்து, இரண்டின் இடப்பக்கத்து இன்செட்களையும் மாற்றி முடித்தேன். வலப்பக்கத்தில் கை வைக்கும்போது வெளியே பட்டாளத்து பூட்ஸ் சத்தம் கேட்டது. அவசரமாக மூடிகளைத் திருகி, ஆபீஸ் அரக்கை உருக்கி ஒரு சொட்டு வைத்துவிட்டேன். ஆக, பாதிதான் மாறியது.

மறுநாள் தங்கவேலு ‘அ’வை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

“ஆகா. சத்தம்னா இது சத்தம். ரெண்டு காதுலயும் தராசு புடிச்ச மாதிரி நிக்குது பாருடா.”

நான் பாட்டரி அறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். அவர் படிவத்தில், “அ: வழக்கம்போல் மேன்மை” என்று எழுதி உறையில் போட்டு ஒட்டினார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக்கூடாது என்பதால் அவரவர் படிவத்தை அவரவர் உறையில் ஒட்டித் தர வேண்டும். மூன்று உறைகளும் அன்று மாலைத் தபாலில் சென்னைக்குப் போயின.

வெள்ளிக்கிழமை பஸ் நிலையத்து டீக்கடையில் சவரிமுத்து என்னைப் பிடித்தான்.

“ஏப்பா, நீதான அந்த ஹெட்போனைத் திறந்தது?”

“எந்த ஹெட்போனை?”

“நடிக்காத. ‘அ’வோட இடது பக்கம் போய் ‘உ’வுல ஒக்காந்திருக்குது. ‘உ’வோடது இதுல இருக்குது. சோளத்தட்டை எனக்குத் தெரியாதா?”

டீ புரையேறியது. இரண்டு காதிலும் மாட்டிக் கேட்டால் ஒன்றோடொன்று கலந்து வித்தியாசமே தெரியவில்லை. மாற்றி வைத்த எனக்கே தெரியவில்லை. இவனுக்கு எப்படித் தெரிந்தது?

“நீ யார்கிட்டயும் சொல்லலியே?”

“யார்கிட்டயும் சொல்லல. ஃபாரத்துல எழுதிட்டேன்.”

“அட பாவி! எதுக்குய்யா எழுதினே?”

“‘இரு பக்கமும் ஒத்திருக்கிறதா’ன்னு ஒரு கட்டம் இருக்குதில்ல? பொய் எழுதச் சொல்றியா?”

அந்தக் கட்டத்தில் நானும் தங்கவேலுவும் ஐந்து வாரமாகக் கேட்காமலேயே “ஆம்” போட்டு வந்தோம்.

“அது சரி, நீ எப்படிக் கண்டுபிடிச்சே?”

அவன் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். டீக்கடை ரேடியோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு என் சட்டையைப் பிடித்துத் தன் வலது பக்கத்துக்கு இழுத்து உட்கார வைத்தான்.

“எனக்கு இடது காது கேக்காது. எங்கூர் மாதா கோயில் திருவிழாவுல அதிர்வேட்டு பக்கத்துல வெடிச்சுது. ரெண்டு வருசம் ஆவுது. ஹெட்போனை மாட்டினா எனக்கு வலது பக்கம்தான் கேக்கும். இடது பக்கம் எப்படி இருக்குதுன்னு எழுதணுமே? அதனால கழட்டி, திருப்பி மாட்டி, அதையும் இந்தக் காதுலதான் கேப்பேன்.”

இரண்டு காதும் உள்ள நாங்கள் ஐந்து வாரமாக எதையும் கேட்கவில்லை. ஒரு காது உள்ளவன் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறான்.

இது வெளியே தெரிந்தால் அவன் கதை முடிந்தது. எங்கள் வேலைக்கு இரண்டு காதும் சரியாக இருக்க வேண்டும் என்பது எழுத்து மூலமான விதி. மெடிக்கல் அன்ஃபிட் என்று ஒரு வரி எழுதினால் அன்றோடு வீடுதான். ஊரில் இவனுக்குப் பங்கு வருகிற நிலம் கிணற்று மேட்டைச் சுற்றி ஓர் ஓரம். அதுவும் அண்ணன்கள் கையில்.

ஆகஸ்ட் 4ஆம் தேதி கடிதம் வந்தது. படிவங்களில் கண்ட ஒரு குறிப்பு சம்பந்தமாகப் பொறியாளர் நேரில் வருகிறார். ஹெட்போன்களைத் திறந்து பார்ப்பார். ஆபரேட்டர்களின் காதுகளையும், ஒவ்வொரு காதாக, பரிசோதிப்பார்.

அன்று மாலையே சவரிமுத்துவிடம், “இன்செட்டைப் பழையபடி மாத்தி வெச்சுடறேன்” என்றேன்.

“மாத்தினா, நான் எழுதினது பொய்னு ஆவும். காது சரியில்லாதவன் ஏதோ உளறியிருக்கான்னு என்னைத்தான் மொதல்ல ஒக்கார வெப்பாங்க.”

“மாத்தாட்டி என்னை ஒக்கார வெப்பாங்களே.”

“அதுக்கு நான் என்னப்பா பண்ணட்டும்? திருப்புளியைப் புடிச்சது நானா?”

நியாயம். மாற்றாமலே விட்டேன். அந்தப் பன்னிரண்டு நாளில் எனக்கு இரண்டு கிலோ எடை குறைந்தது. அவன் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போனான், களி தின்றான்.

ஆகஸ்ட் 16, திங்கள் காலை சேலம் பஸ்ஸில் பொறியாளர் வந்து இறங்கினார். ஒல்லியான இளைஞர், மூக்குக் கண்ணாடி, கையில் காதைச் சோதிக்கிற ஒரு பெட்டி. தங்கவேலு சல்யூட் அடித்த வேகத்தில் அவருடைய கண்ணாடி நகர்ந்தது.

மேசைமேல் ஐந்து ஹெட்போன்களையும் வரிசையாக வைக்கச் சொன்னார். பிறகு ஒரு படிவத்தை எடுத்தார்.

“சவரிமுத்து யாருங்க?”

“நான்தானுங்க.”

“ஜூலை பதினாலாம் தேதி, ‘அ’வோட இடப்பக்கமும் ‘உ’வோட இடப்பக்கமும் இடம் மாறியிருக்குன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமாங்க.”

பொறியாளர் தன் திருப்புளியால் ‘அ’வின் மூடியைத் திறந்து, இன்செட்டைக் கவிழ்த்தார். அதன் முதுகில் ஊசியால் கீறியிருந்தது: ‘உ’. ஐந்து ஹெட்போன்களிலும் உள்ளே அடையாளம் கீறி வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார்.

“இதை யார் திறந்தது?”

தங்கவேலு அந்த ‘உ’வைப் பார்த்தார். உடைந்து கிடந்த அரக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் மீசையின் இடது முனை வலது முனையைவிடச் சற்று மேலே போனது. பிறகு பூட்ஸை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

“நான்தான் சார்.”

“நீங்களா?”

“சோதனை சார். ஹெட்போனைச் சோதிக்க நீங்க அனுப்பினீங்க. சோதிக்கிறவன் காதை யார் சார் சோதிக்கிறது? அதான் ஒரு பக்கத்தை மட்டும் மாத்தி வெச்சேன். ரெண்டு பக்கமும் மாத்தினா எருமைகூடக் கண்டுபிடிச்சுடும்.”

அவர் சொன்ன தோரணையில், திருப்புளி பிடித்த எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. பொறியாளர் இன்னொரு படிவத்தை எடுத்தார்.

“ஆனா அதே பதினாலாம் தேதி உங்க படிவத்துல, ‘அ: வழக்கம்போல் மேன்மை’ன்னு இருக்கே?”

“நான் அப்படி எழுதாட்டி இவனுங்களுக்குச் சந்தேகம் வந்துடும் சார்.”

“படிவத்தைத்தான் ஒட்டி அனுப்பறீங்களே. இவங்க எப்படிப் பாப்பாங்க?”

தங்கவேலு எங்கள் இருவரையும் ஒருமுறை முறைத்தார்.

“ஒட்டறதுக்கு முன்னாடி எட்டிப் பாப்பானுங்க சார். ரொம்ப மோசமான பசங்க.”

பொறியாளர் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு சவரிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

“மூணு நிலையத்துல இந்தச் சோதனை நடக்குது. இப்படி ஒரு வித்தியாசத்தை யாரும் கேட்டு நான் பாத்ததில்ல. எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?”

“திருப்பி மாட்டிக் கேட்டேனுங்க. ரெண்டு பக்கத்தையும் இந்தக் காதுலயே வெச்சுக் கேட்டேன்” என்று சவரிமுத்து வலது காதைத் தொட்டுக் காட்டினான்.

“ஏன், அந்தக் காதுல மட்டும்?”

சவரிமுத்துவைப் பற்றி எனக்குத் தெரியும். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்ல மாட்டான். படிவத்தில் ஒரு கட்டத்துக்கே பொய் எழுத மாட்டேன் என்றவன். அவன் வாயைத் திறந்தான். ‘எனக்கு’ என்ற சொல் வெளியே வந்துவிட்டது.

“எனக்குத்தான் அந்தப் பெருமை சேரணும் சார்!” என்றார் தங்கவேலு, வழக்கத்துக்கு மாறாக உரக்க. “அது நம்ம ஸ்டேஷன் முறை. ரெண்டு காதுலயும் மாட்டினா ஒன்னோட குத்தத்தை இன்னொன்னு மூடி மறைச்சுடும். ஒரே காதுல மாத்தி மாத்திக் கேட்டாத்தான் எது யோக்கியம்னு தெரியும். ‘அவனவனுக்கு ஒரு காதுதான், அதுலயே கேளு’ன்னு நான்தான் சொல்லிவெச்சேன். பட்டாளத்துல அப்படித்தான் சார்.”

இரண்டு காதிலும் மாட்டாதவனைத் தீக்குச்சியோடு துரத்திய மனிதர் இதைச் சொன்னார். அந்தத் தீக்குச்சி அப்போதும் அவர் பையில்தான் இருந்தது.

பொறியாளர் ‘அ’வை எடுத்து வலது காதில் ஒரு பக்கத்தை வைத்தார். கழற்றித் திருப்பி, மறு பக்கத்தை அதே காதில் வைத்தார். புருவம் உயர்ந்தது.

“ஆமா... நல்லாத் தெரியுதே. இது எனக்குத் தோணவே இல்லையே” என்று சொல்லிவிட்டுக் குறிப்பேட்டில் எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து, காதுப் பெட்டியைத் திறந்தார். “சரி, வரிசையா ஒக்காருங்க. சவரிமுத்துவிலேருந்து ஆரம்பிக்கலாம்.”

“இவனுக்கா சார்?” என்றார் தங்கவேலு. “நீங்க ஊசியால எழுதினதைக் காதால படிச்சவன் சார் இவன். இன்னுமா இவன் காதைச் சோதிக்கணும்?”

பொறியாளர் சிரித்துவிட்டார். சவரிமுத்துவின் பெயருக்கு எதிரே, “தேவையில்லை. மிகச் சிறப்பு” என்று எழுதினார். பிறகு என்னைச் சோதித்து, “சராசரி” என்று எழுதினார். தங்கவேலுவைச் சோதித்ததன் முடிவு என்ன என்று தெரியாது. அந்தத் தாளை அவரே வாங்கி, மடித்து, தீக்குச்சிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மாலை பஸ்ஸில் பொறியாளரை ஏற்றிவிட்டு வந்ததும் தங்கவேலு என்னைப் பாட்டரி அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

“திருப்புளியைக் குடு.”

கொடுத்தேன்.

“மெட்ராஸ் அரக்கு செங்கல் நெறம். நம்ம ஆபீஸ் அரக்கு ரத்தச் சிவப்பு. ஒட்டத் தெரியாதவன் எதுக்குடா திறக்கறே?”

“எப்பங்க பாத்தீங்க?”

“இன்னிக்குத்தான் பாத்தேன். முன்னாடியே பாத்திருந்தா உன்னை ஏரியல் கம்பத்துல கட்டியிருப்பேன்.” திருப்புளியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். “நான் மோந்து பாக்கிறதை எப்படா கண்டுபிடிச்சே?”

“மூணாம் நாளுங்க.”

“ம்.” மீசையைத் தடவிக்கொண்டார். “டிசம்பர் வரைக்கும் பாட்டரி துடைக்கிறது, தண்ணி ஊத்தறது எல்லாம் உன் வேலை. ஆசிட்டுல வேட்டி ஓட்டையானா என்கிட்ட வராதே.”

போகத் திரும்பியவன், கேட்காமலிருக்க முடியாமல் கேட்டேன்.

“சார், சவரிமுத்து காது... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“ரெண்டு வருசமா அவனுக்கு இடது பக்கம் நின்னு திட்டறேன். ஒரு நாளாவது அவன் மூஞ்சி மாறியிருக்கா? மாதா கோயிலுக்குப் போறவன், பொறுமைசாலின்னு மொதல்ல நெனச்சேன். ஒரு நாள் கதவுப் பக்கம் வழியில்லாம வலது பக்கமா வந்து திட்டினேன். கண்ணு கலங்கிடுச்சுடா அவனுக்கு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? மறுபடியும் இடது பக்கமே போயிட்டேன். வேலைன்னா திட்டாம இருக்க முடியுமா?”

அதன் பிறகுதான் ஒன்று எனக்கு உறைத்தது. தீக்குச்சியோடு வரும்போது எனக்கு இரண்டு காதையும் பார்ப்பார். சவரிமுத்துவுக்கு வலது காதை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

தலைமையகம் கடைசியில் எதை வாங்கியது என்று கேட்பீர்கள். ‘இ’யை வாங்கியது. ஈரச் சாக்கு. அதற்கு ஏதோ காரணம் இருந்திருக்கும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதை மாட்டிக்கொண்டு பல ஆண்டு வேலை பார்த்தோம். காது வலிக்கவில்லை.

ஆனால் பொறியாளரின் குறிப்பு வீணாகவில்லை. 1972 ஜனவரி 24, திங்கட்கிழமை, எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கை வந்தது. இனி ஹெட்போன்களை ஒப்பிடும்போதும், ஆபரேட்டர்களின் கேள்திறனைச் சோதிக்கும்போதும் ஒரு காதைப் பஞ்சால் அடைத்துவிட்டு, மறு காதால் மட்டும் கேட்க வேண்டும். எந்தக் காது என்பதைக் கேட்பவர் தம் வசதிப்படி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அந்தக் கடைசி வரியைத் தங்கவேலு எங்களுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார்.

புது ஹெட்போன்களின் முதல் தவணை வந்திருந்த நேரம் அது. அன்றே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து மூன்று உருண்டை பிடித்தார். எனக்கு ஒன்றைத் தூக்கிப் போட்டார். தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டார். மூன்றாவதைச் சவரிமுத்துவிடம் கொடுக்கவில்லை. அவன் நாற்காலியின் இடது பக்கம் போய்க் குனிந்து, தன் கையாலேயே அவன் இடது காதில் பஞ்சை வைத்து அழுத்தினார். அழுத்திக்கொண்டே, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் கேட்கிற, திட்டும்போது பேசுகிற அதே மெல்லிய குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

“நான் பாத்த காதுலயே ஒசந்த காது இந்த ஸ்டேஷன்ல இருக்குதுடா. உங்கிட்டச் சொன்னா தலையில ஏறிடும். அதான் இந்தப் பக்கமா வந்து சொல்றேன்.”

மீசையைச் சரி பார்த்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மூச்சுக் காற்று பட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே சவரிமுத்து என்னைப் பார்த்தான்.

“என்னப்பா சொன்னாரு?”

“பஞ்சு கீழ விழுந்தா தோலை உரிச்சுடுவேன்னாரு.”

“அதான பாத்தேன்” என்று சொல்லிவிட்டு அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

அந்தப் பொய்யை இத்தனை ஆண்டு அப்படியே வைத்திருந்துவிட்டேன். சங்க மலர் அவன் வீட்டுக்கும் போகிறது.